மிச்சம் வைத்த வண்டி

இன்னும் இறங்கி வரவில்லை. நான் கேட்ட விலையை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, "இருங்கோ அண்ணை, மனேச்சரிட்டக் கேட்டுக்கொண்டு வாறன்" என்று மாடிப்படி ஏறிய கார் விற்கிற சுகந்தன் இன்னும் இறங்கி வரவில்லை. மேலே ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். மேனேஜர் என்று ஒருத்தர் இருப்பார், இல்லாமலும் இருப்பார். இவன் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்ப்பான், தண்ணீர் குடிப்பான், கண்ணாடியில் தலையைக் கோதிக்கொள்வான், கீழே உட்கார்ந்திருக்கிறவன் நன்றாக ஊறட்டும் என்று நேரத்தைக் கடத்துவான். விற்கிறவன் போடும் இந்த நாடகத்தை எத்தனை கடையில் பார்த்திருக்கிறேன், எத்தனை தடவை நானே போட்டிருக்கிறேன், "மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று இல்லாத முதலாளியிடம் கேட்கப் போய் கக்கூஸுக்குள் சும்மா நின்றிருக்கிறேன். அதனால் காத்திருப்பதில் எனக்குப் பயம் கிடையாது. ஒத்துக்கொண்டு வந்துவிடுவானோ என்பதுதான் பயம். இந்த உடன்குடி லிங்கத்துரை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பேரம் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முடியாதுன்னு சொல்லு தம்பி. எங்க மேனேஜர் கிறுக்கன், ஒரு காசு கொறைக்க மாட்டேங்கறான்னு வந்து சொல்லு. வெளியே குவைத்து வெயில் ரோட்டை வறுத்துக்கொண்டிருக்கிறது, உள்ளே ஏசி என் கழுத்து வேர்வையை ஐஸாக்குகிறது, ஷோரூமுக்கு நடுவில் மேடை போட்டு நிறுத்தியிருக்கும் இந்த மஞ்சள் வண்டிக்குள் நான், ரெண்டே கதவு, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும் பந்தய வண்டி. தோல் வாசனை புதுச் செருப்புக் கடை மாதிரி அடிக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை வழுக்குகிறது. கால் எட்டவில்லை. சீட் ரொம்பப் பின்னால் இருக்கிறது, பெடலைத் தொட வேண்டும் என்றால் நான் இடுப்பை நழுவவிட்டு முக்கால்வாசி படுக்க வேண்டும். புது வண்டி, யாரும் ஓட்டாதது என்றான் சுகந்தன். யாரும் ஓட்டாத வண்டியின் சீட்டை இவ்வளவு பின்னால் தள்ளினவன் யார்? நெட்டையன் எவனோ உட்கார்ந்து பார்த்திருக்கிறான். பார்க்கட்டும். ஷோரூம் என்றால் நாலு பேர் உட்கார்ந்து பார்க்கத்தான் செய்வான். கீழே கையை விட்டால் லிவர் தட்டுப்படுகிறது, இழுத்தால் முன்னால் வந்துவிடும், ஆனால் இழுக்க மனம் வரவில்லை. விலை முடியாமல் எதையும் இழுக்கக் கூடாது.

விலை. அந்த விலையில்தான் கைவைத்துவிட்டேன். கைவைக்கக் கூடாது, அதுதான் வழக்கம், வழக்கம் தெரிந்துதான் வந்தேன். எங்கள் கேம்ப்பில், அதாவது வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சோறு பொங்கிப் போடுகிற கம்பெனியின் கேம்ப்பில், எல்லைக்கு அந்தப் பக்கம், சண்டை நடக்கிற நாட்டுக்குப் போகிறவன் ஒவ்வொருவனும் போவதற்கு முந்தின நாள் கடைத்தெருவில் எதையாவது மிச்சம் வைத்துவிட்டுப் போவான். பாதி கொடுத்து மீதியை நிறுத்தி, பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு, "வந்து எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறுவான். அந்தப் பொருள் அவனை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று பேச்சு. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆரோக்கியம் தையல்காரனிடம் பேண்ட் துணி கொடுத்துவிட்டுப் போனான், வந்தான், பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தான். ஷேக் மீரான் சுவர்க் கடிகாரம் வாங்கி, நான் வருகிற வரை பேட்டரி போடாதே பாய் என்று கடைக்காரனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான், அவனும் வந்தான். தொம்மைதான் எல்லாரையும் மிஞ்சினவன், பல் டாக்டரிடம் போய்ச் சொத்தைப் பல்லைப் பாதி தோண்டச் சொல்லி அப்படியே விட்டுவிட்டுப் போனான், போன வழியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினானாம், ராணுவ வண்டிக்காரனே பயந்துவிட்டானாம். "பல்லு இழுத்துட்டு வந்துட்டுல்லா மக்கா" என்று சிரித்தான் திரும்பி வந்ததும். இதற்கு ஒரே ஒரு விதி. பேரம் பேசக் கூடாது. கடைக்காரன் கேட்டதைக் கொடுக்க வேண்டும். குறைத்தால், குறைத்த அளவுக்கு நீ அந்தப் பக்கமே நின்றுபோவாய். கொளஞ்சி செருப்புக்கடையில் ஒரு ஜோடி ஷூ மிச்சம் வைத்துப் போனான். அது இன்னும் அந்தக் கடையின் மேல் தட்டில் இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கமாக நடக்கும்போது யாரும் தலையைத் தூக்குவதில்லை. அவன் பேரம் பேசியிருப்பான் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். பேசியிருப்பான், விருத்தாசலத்துக்காரன், சும்மா விடுவானா என்றார்கள். நானும்தான் சொன்னேன். கடைக்காரனிடம் போய் யாரும் கேட்கவில்லை. கேட்டு, இல்லையே, சொன்ன விலையைத்தானே கொடுத்தான் என்று அவன் சொல்லிவிட்டால் மற்றவர்கள் கதி என்ன?

நாளைக்கு நான் போகிறேன். வேறு எவனும் அனுப்பவில்லை, என் வாய்தான் அனுப்பியது. எனக்கு வேலை இந்தப் பக்கம், மார்க்கெட்டில். காய்கறி, கோழி, வெங்காயம், எண்ணெய், கேம்ப்புக்கு வேண்டியதையெல்லாம் பேசி வாங்குகிற வேலை. எகிப்துக்காரனும் சிரியாக்காரனும் என்னைப் பார்த்தாலே தராசை மறைப்பான். அந்தப் பக்கத்து கேம்ப்பில் இருந்த கொள்முதல்காரன் ஒரு நாள் காலையில் பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டான், அந்த இடத்துக்கு ஆள் வேண்டும், யார் போகிறீர்கள் என்று சூப்பர்வைசர் வர்கீஸ் கூட்டம் போட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நல்லபடியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன். வர்கீஸ் சிரித்துக்கொண்டே, "லிங்கத்துரையோ, ஆளு உள்ளி மார்க்கெட்டிலல்லே புலி, அவிட வெடி கேட்டா மூத்திரம் போகும்" என்றார், உள்ளி என்றால் அவர் பாஷையில் வெங்காயம். எல்லாரும் சிரித்தார்கள். தொம்மைகூடச் சிரித்தான். "அடுத்த வண்டியிலயே ஏத்தும் ஓய், எவன் மூத்திரம் போறாம்னு பாப்போம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நான் கேட்டேன், மற்றவர்கள் கேட்டது மாதிரியே. சிரிப்பு நின்றுவிட்டது. வர்கீஸ் முகத்தில்கூட ஒரு மாதிரி ஆகிவிட்டது, "எடோ, தமாஷு பறஞ்ஞதா" என்றார். தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்திருக்கலாம். சிரிக்கத் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இந்தக் கோபத்தால் மும்பையில் ஒரு மளிகைக் கடை வேலை போச்சு, ஒரு நல்ல கூட்டாளி போனான், அண்ணனிடம் பேச்சு நின்றுபோச்சு. இப்போது மிச்சமிருக்கிறது உயிர் ஒன்றுதான். அதையும் வர்கீஸின் சிரிப்புக்கு எதிராக வைத்துவிட்டேன்.

பேண்ட் துணியோ கடிகாரமோ என்னை இழுக்காது. எனக்கு நன்றாகத் தெரியும், நான் கனம். அந்தக் கூட்டம் முடிந்ததிலிருந்து வயிற்றுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, ஈரச் சாக்கு மாதிரி, அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்கு முட்டை கணக்குப் பார்க்கப் போனபோதுதான் பட்டாளக்காரர்கள் படுக்கிற கூடாரத்தின் திரை விலகியிருந்தது. கட்டிலுக்குக் கட்டில் தலைமாட்டில் கார் படம். சாமி படம் ஒட்டுகிற இடத்தில் கார் படம். சிவப்பு, கறுப்பு, நீலம். இங்கே இருந்துகொண்டே புதுக் காருக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறான்கள், ஊருக்குப் போனதும் எடுத்துக்கொள்ள. மீசை சரியாக முளைக்காத பிள்ளைகள். எதற்கடா உங்களுக்கு இவ்வளவு வேகமான வண்டி என்று நான் நினைத்ததுண்டு. அன்றைக்குத்தான் பிடிபட்டது, அவன்களும் மிச்சம்தான் வைக்கிறான்கள், அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவன்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பட்டாளக்காரனுக்குக் கார் என்றால் எனக்கும் கார். அதிலும் கேம்ப்பிலிருந்து வருகிற ரோட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் இந்த மஞ்சள். எத்தனை நாள் வெங்காய லாரியில் போகும்போது இதைத் திரும்பிப் பார்த்திருக்கிறேன். இதன் வயிற்றுக்குள் முந்நூறு குதிரை இருக்கிறதாம். ஒரு லிங்கத்துரையை இழுக்க முந்நூறு குதிரை போதாதா? அதனால்தான் வந்தேன். சேர்த்து வைத்ததைத் துடைத்து எடுத்துக்கொண்டு, வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு, கேட்டதைக் கொடு, வாயைத் திறக்காதே, கேட்டதைக் கொடு என்று டாக்ஸி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

சுகந்தன் விலையைச் சொன்னான். மரியாதையான பிள்ளை, பருத்தித்துறைக்காரன், தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்து தேநீரெல்லாம் கொடுத்தான். விலையைச் சொல்லி முடிக்கவில்லை, "என்ன தம்பி, வண்டிக்குச் சொல்லுதியா, கப்பலுக்குச் சொல்லுதியா?" என்றது வாய். விக்கல் மாதிரி. தும்மல் மாதிரி. நான் சொல்லவில்லை, எனக்குள் இருக்கிற அந்த மும்பைப் பயல் சொன்னான், மூட்டைகளுக்கு மேல் படுத்துக் கிடந்து, மார்க்கெட் மூடுகிற நேரம் வரை பசியோடு காத்திருந்து, நசுங்கின தக்காளிப் பெட்டியைப் பாதி விலைக்கு வாங்கி நாலு தெரு தள்ளி முழு விலைக்கு விற்றவன். அவனுக்கு வேறு பாஷை தெரியாது. கால்வாசி குறைத்துக் கேட்டான். "பகிடி விடாதேங்கோ அண்ணை" என்று சுகந்தன் சிரித்தான். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம், சரிப்பா தமாஷ் பண்ணேன், உன் விலையே இருக்கட்டும் என்று. அதற்குள் எழுந்து ரெண்டு எட்டு வாசல் பக்கம் நடந்துவிட்டேன். நடப்பதும் பழக்கம்தான், நடந்தால் கூப்பிடுவான். கூப்பிட்டான். இப்போது அந்தக் காகிதம் மேலே இருக்கிறது, என் கையால் குறைத்த விலை, அதில் குறைந்தது எதிலிருந்து குறைந்தது? கால்வாசி என்றால் ஒரு கால், ஒரு கை? இதென்ன கிறுக்குத்தனம். வண்டி விலைக்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம்? கொளஞ்சியின் ஷூ. அவனுடைய கால் சின்னது. கறுப்பு ஷூ, முன்பக்கம் தூசி. எல்லை தாண்டிப் போகிற ரோட்டில் எது வெடித்தாலும் முதல் வண்டிக்குத்தான் வெடிக்கும், ரெண்டாவதுக்கு ஆகாது என்று ஷேக் மீரான் சொல்லியிருக்கிறான். இல்லை, நடு வண்டிக்கு என்று ஆரோக்கியம் சொன்னான். வெங்காயம் எந்த வண்டியில் போகும்? நான் வெங்காயத்தோடு போவேனா, ஆட்களோடு போவேனா? கேட்கவில்லை. கேட்டால் வர்கீஸ் சிரிப்பார்.

போன் அதிர்ந்தபோது தொடையில் தேள் கொட்டினது மாதிரி துள்ளிவிட்டேன், தலை வண்டிக் கூரையில் இடித்தது. சொர்ணக்கிளி. என் பெண்டாட்டி, ஊரிலிருந்து. கேம்ப் மாற்றியிருக்கிறார்கள், பக்கத்தில்தான் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்தில்தான், பொய்யில்லை, மேப்பில் பார்த்தால் ரெண்டு விரல்கடை. கார் வாங்கப் போவதாகக் காலையில் சொன்னதற்கு அப்போது ஒன்றும் பேசாமல் வைத்தவள், அதன் பிறகு இவ்வளவு நேரமும் யோசித்திருக்கிறாள். "ஏங்க, அந்தக் காரு படத்த மேலத்தெரு பய போன்ல காட்டினான். அது என்ன, பூரான் மாதிரி தரையோட போவுது. நம்ம தெரு முக்குல பஞ்சாயத்துக்காரன் போட்டு வச்சிருக்கானே மேடு, அதுல வயிறு தட்டி நின்னுரும். பொறவு நானும் நீங்களும் தள்ளணும்." "ஊருக்குக் கொண்டுவரவா வாங்குதேன்? இங்கதான் வச்சிருப்பேன்." "அங்க எதுக்கு? உங்களுக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?" "ஆம்பள ஒரு ஆசப்படக் கூடாதா?" என்று கத்தினேன். கண்ணாடிக்கு வெளியே வரவேற்பு மேசையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். சொர்ணக்கிளி அசரவில்லை, இந்தக் கத்தலை அவள் இருபது வருசமாகக் கேட்கிறாள், விசில் அடித்தால் குக்கரை இறக்குகிற மாதிரி கொஞ்சம் பொறுத்துவிட்டு, "சரி, எவ்வளவு கொறச்சீங்க?" என்றாள். "பேசிக்கிட்டிருக்கேன்." "நல்லா கொறைங்க. எங்க அம்மைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டயே பேரம் பேசின ஆளுதானே. கடக்காரன் சொன்ன வெலைக்கு நீங்க ஒரு பொருள வாங்கிட்டீங்கன்னா அன்னைக்கு நான் தெரிஞ்சுக்கிடுவேன், உங்களுக்கு என்னமோ ஆயிட்டுன்னு." சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முடிச்சிட்டுக் கூப்பிடுதேன் என்று வைத்துவிட்டேன். குறைத்தால் நான் வரமாட்டேன், குறைக்காவிட்டால் அவள் தெரிந்துகொள்வாள். ஏசிக்காரன் எங்கே, கொஞ்சம் கூட்டி வைக்கக் கூடாதா, இல்லை குறைக்கக் கூடாதா, வேர்க்கவும் செய்கிறது, குளிரவும் செய்கிறது.

கதவு. மேலே கதவு திறந்தது. அவனுடைய காலடியைக் கேட்டே எனக்குத் தெரிந்துவிட்டது, தோற்றவன் படியில் இவ்வளவு வேகமாக இறங்கமாட்டான். முடியாதுன்னு சொல்லு, முடியாதுன்னு சொல்லு. "அண்ணை, அதிஷ்டக்காரன் நீங்கள்" என்று சுகந்தன் வண்டியின் கதவைத் திறந்து குனிந்தான். "மனேச்சர் ஓமெண்டிட்டார். நீங்கள் கேட்ட அதே விலை." ஒரே மூச்சில் ஒத்துக்கொண்டானா? கூடக் கொஞ்சம் போட்டுக் கேட்கவில்லை? நடுவில் நிற்கவில்லை? முதல் வாயிலேயே சரி என்கிறவனிடம் நான் எதையும் வாங்கினது கிடையாது. சரி என்றால் பெட்டியைக் கவிழ்த்து அடித்தட்டைப் பார்ப்பேன், அடித்தட்டில் அழுகல் இருக்கும். "ஏம்ப்பா ஒத்துக்கிட்டாரு?" என்றேன். "என்ன அண்ணை, விலை குறைஞ்சால் சந்தோசப்படாமல்." "ஏன் ஒத்துக்கிட்டாருன்னு கேக்கேன்." குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவன் வரவேற்புப் பெண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கழுத்துப் பட்டியைக் கொஞ்சம் தளர்த்தினான். "இது ஏற்கெனவே ஒரு ஆளுக்கெண்டு இறக்கின கார் அண்ணை. ஓடேல்லை, ஒரு கிலோமீற்றர்கூட ஓடேல்லை, அது சத்தியம். அட்வான்ஸ் கட்டினவர் வரேல்லை. அதுதான் மனேச்சர் போனால் போகட்டும் எண்டுட்டார்." "யாரு?" "ஒரு வெள்ளைக்காரப் பெடியன். உங்கட கேம்ப்தான் எண்டு நினைக்கிறன். இங்கயே எடுத்து, முடிஞ்சு போகேக்க ஊருக்குக் கப்பல்ல ஏத்தப் போறன் எண்டவர். அடிக்கடி வருவார், நீங்கள் இருக்கிற இடத்திலதான் இருந்து பார்ப்பார். நல்ல உயரம்." என் கால் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கால் அளவுக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் தள்ளி வைத்த இடத்தில். முதுகில் தோல் சீட் சுட்டது, இவ்வளவு ஏசியிலும் சுட்டது. "செத்துட்டானா?" "ஐயோ அண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ. தெரியாது. போன் எடுக்கேல்லை. ஊருக்குப் போயிருப்பார், கலர் பிடிக்காமல் விட்டிருப்பார், கலியாணம் முடிச்சிருப்பார். ஆர் கண்டது?" அடுத்த கேள்வி வாய்க்கு வந்துவிட்டது. கேட்காதே. ஷூ கடைக்காரனிடம் கேட்காமல்தானே இத்தனை நாள் இருந்தாய், கேட்காதே. கேட்டேன். "அவன் பேரம் பேசினானா?" சுகந்தன் சிரித்துவிட்டான். "வெள்ளைக்காரர் எங்கயண்ணை பேரம் பேசுறது? ஒட்டியிருக்கிற விலையைப் பார்த்தார், ஓமெண்டார்."

முழு விலை. முழு விலைக்கு ஒத்துக்கொண்டவன். கொளஞ்சியின் ஷூவைச் சுற்றி நாங்கள் கட்டி வைத்த சுவர் என் கண் முன்னாலேயே சரிந்தது, சத்தமில்லாமல், மாவுச் சாக்கு அவிழ்ந்த மாதிரி. அப்படியானால் எது இழுக்கும், எது விடும்? ஒன்றுமே இல்லையா? அந்த ரோடு தன் பாட்டுக்கு நடக்கிறதா, நாங்கள் இங்கே பேண்ட் தைத்தும் பல் தோண்டியும் விளையாடிக்கொண்டிருக்கிறோமா? இல்லை. அவன் ஊருக்குப் போயிருப்பான். நெட்டையன், அவனுக்கு இந்தத் தாழ்ந்த வண்டியில் தலை இடித்திருக்கும், எனக்கே இடித்ததே. பெரிய வண்டி வாங்கிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறான். அவன் கணக்கு அவனோடு, அதில் என்ன ஓட்டையோ எனக்குத் தெரியாது, என் பக்கத்தில் ஓட்டை இருக்கக் கூடாது. "தம்பி, முதல்ல சொன்ன வெலையையே போடு" என்றேன். "எந்த விலை?" "நீ முதல்ல சொன்னியே, அது." "அண்ணை, நான் இப்ப வடிவாச் சொன்னனான், மனேச்சர் குறைச்சிட்டார்." "கொறைச்சது வேண்டாம்." "விளங்கேல்லை." "நான் கேட்டதுக்கு வேண்டாம், நீ கேட்டதுக்குத் தா. என்ன தமிழ்தானே பேசுதேன்?" அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான், வெயிலில் வந்தவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். "சரி அண்ணை, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், நடுவில நிப்பம். நீங்கள் குறைச்சதில பாதி மட்டும் குறைக்கிறன்." "ஒரு காசு கொறைக்கக் கூடாது!" என்று ஸ்டியரிங்கில் அடித்தேன், ஹாரன் அலறியது, கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. "அண்ணை, மனேச்சர் ஏதோ கள்ளக் காசு எண்டு நினைப்பார். ஆரும் கூட்டிக் குடுக்கிறதே? எனக்கு வேலை போயிடும்." "போனா போகட்டும், நான் வேற வேல வாங்கித் தாரேன்." "தரை விரிப்பெண்டாலும் சும்மா போட்டுத் தாறனே?" "விரிப்புக்கும் வெலய எழுது." என்னைப் போல ஒருத்தன் எதிரே வந்து இப்படி நின்றிருந்தால் நான் மார்க்கெட்டையே கூட்டிச் சிரித்திருப்பேன். சுகந்தன் சிரிக்கவில்லை. அவன் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, சட்டையில் தொங்கிய கேம்ப் அடையாள அட்டைக்கு வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையிலிருந்த காகிதத்தை ரெண்டாகக் கிழித்தான், நாலாகக் கிழித்தான், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "எங்கட வீட்டில அம்மா, ஆரும் தூரம் வெளிக்கிட்டால், அவை திரும்பி வருமட்டும் சோத்துப் பானையைக் கழுவ விடமாட்டா" என்றான், யாரிடமோ சொல்வது மாதிரி. "முழு விலை. மிச்சக் காசு வந்துதான் கட்டோணும். வேற ஆரிட்டயும் குடுத்துவிடக் கூடாது, நான் வாங்கமாட்டன்."

நான் கொண்டுவந்த காசை வாங்கிக்கொண்டு அவன் எழுதப் போனான். நான் கையைக் கீழே விட்டு லிவரைப் பிடித்தேன். மன்னிச்சுக்கோ தம்பி, நீ எங்க இருந்தாலும். இழுத்ததும் சீட் ஒரு குலுக்கலோடு முன்னால் வந்தது, வந்துகொண்டே இருந்தது, அவ்வளவு நீளக் கால் அந்தப் பிள்ளைக்கு. என் கால் பெடலில் போய் உட்கார்ந்தது, என் அளவில், என் செருப்பின் அளவில். சுகந்தன் ரசீதோடு திரும்பி வந்தபோது, "இத நகத்தக் கூடாது" என்றேன். "எதை?" "சீட்ட. நான் வச்ச எடத்துலயே இருக்கணும். ஒருத்தனையும் ஒக்கார விடாத. ஒன் மேனேஜரா இருந்தாலும் சரி." "ஓம் அண்ணை." "தொடைக்கதுக்குக் கூட நகத்தக் கூடாது." "ஓம் எண்டு சொல்லுறன்தானே." அவன் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு நகர்ந்து நின்றுகொண்டான், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரட்டும் என்று. வாங்கியாகிவிட்டது. சந்தோசம் வரும் என்று காத்திருந்தேன். வயிற்றில் அந்த ஈரச் சாக்கு நகரவில்லை, சீட் மட்டும்தான் நகர்ந்திருந்தது. போனை எடுத்தேன், முடிச்சிட்டுக் கூப்பிடுதேன் என்று சொன்னவன் கூப்பிட வேண்டும். கால்வாசி குறைத்தேன் என்று சொல்லலாம். வாய் தயாராக இருக்கிறது, எத்தனை கடையில் எத்தனை பொய் சொன்ன வாய், பேரத்தை விவரமாகச் சொன்னால் அவளும் சிரிப்பாள், நிம்மதியாகத் தூங்குவாள். ஒரே அடிப்பில் எடுத்துவிட்டாள். "முடிஞ்சுதா? எவ்வளவு கொறச்சீங்க?" பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. சொல்லு. கால்வாசின்னு சொல்லு. அதைச் சொன்னாலும் குறைத்ததாகத்தான் ஆகும், வாயால் குறைத்தாலும் குறைப்புதான், எந்தப் பக்கமாகப் போனாலும் அந்தக் காகிதம் திரும்ப ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. "ஒண்ணும் கொறைக்கல" என்றேன். "என்னது?" "அவன் சொன்ன வெலதான். கொடுத்துட்டேன்." மிக்ஸி நின்றது. ஊரில் ஏதோ ஒரு காக்கா கத்தியது, ரொம்பத் தெளிவாக, வண்டிக்குள்ளேயே கத்துவது மாதிரி. அவள் கத்துவாள், காசைப் பற்றித் திட்டுவாள், கோட்டிக்கார மனுசா என்பாள் என்று காத்திருந்தேன், திட்டேன், திட்டித் தொலையேன். திட்டவில்லை. அப்புறம் ரொம்ப மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, எங்க போறீங்க?"

என் கால் ஓடாத வண்டியின் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.